கேப்டன் மெர்ல் சாக மாட்டேன் என்கிறார்

போரில் ஆள் சாகாவிட்டால் அது என்ன போர் என்று கேட்டுக்கொண்டு ராட்னி க்ளைன்பீட்டர் வந்து நின்றபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். இடம் பிரான்ஸ், வருடம் 1918. அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது முதல் உலகப் போரை நடித்துப் பார்க்கும் எங்கள் சங்கத்தின் சட்டம். உண்மையில் அது பென்சில்வேனியாவில் பெர்ரி கவுண்டியில் சங்கம் வாங்கிப் போட்ட ஒரு மேய்ச்சல் நிலம். இந்த ஓரத்தில் அமெரிக்கர்களின் பதுங்குகுழி, அந்த ஓரத்தில் ஜெர்மானியர்களின் பதுங்குகுழி, நடுவில் முள்கம்பியும் சேறும். நவம்பர் பிறந்ததும் முதல் வார இறுதியில் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஞாயிறு மதியம் வரை சண்டை போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஒழுங்காக வேலைக்குப் போய்விடுவார்கள்.

வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஊர் கூடிப் பார்க்கும் போர்கள் வேறு இடங்களில் நடக்கின்றன; அங்கே ஐஸ்கிரீம் வண்டி நிற்கும், குழந்தைகள் பீரங்கி மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் கேவலம். இங்கே செல்போன் காரோடு சரி. கைக்கடிகாரம் பேட்டரியில் ஓடினால் கழற்ற வேண்டும். பீன்ஸ் டப்பாவில்கூட அந்தக் காலத்து லேபிளை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பீன்ஸ்தான்.

ராட்னி ஜெர்மன் படையின் கேப்டன். மற்ற நாட்களில் சேம்பர்ஸ்பர்க்கில் பல் டாக்டர். அவர் படையில் பாதிப் பேருக்கு அவர்தான் பல் பிடுங்கியிருக்கிறார் என்பதால் அங்கே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எங்கள் பக்கத்துக் கேப்டன் என் வீட்டுக்காரர் மெர்ல் ஷுகார்ட். பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். நான் டார்லா. பின்பக்கக் குழியில் ராணுவச் சமையல்.

"டார்லா, எங்க உன் புருஷன்?" என்றார் ராட்னி.

"சண்டையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள எதிரி அடுப்படிக்கே வந்துட்டா நான் யாரைக் கூப்பிட்டுக் கத்தறது?"

"விளையாடாதே. சீரியஸா பேச வந்திருக்கேன். இந்தத் தடவை மெர்ல் சாகணும்."

"சொல்லிப் பார்க்கிறேன். நான் சொல்லி எதைக் கேட்டிருக்கான்?"

ராட்னி ஏன் இப்படிக் கொதித்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துப்பாக்கிகளில் வெடிமருந்து மட்டும்தான் இருக்கும், குண்டு இருக்காது. சத்தம் வரும், புகை வரும், யார் மேலும் எதுவும் படாது. அப்படியானால் செத்தவன் யார் என்று எப்படித் தெரியும்? சுடப்பட்டவனே முடிவு செய்ய வேண்டும். ஓகோ, இவ்வளவு பக்கத்தில் சுட்டானே, நான் செத்திருப்பேன் என்று மனசாட்சிக்குப் பட்டால் விழ வேண்டும். சண்டை அந்த இடத்தைத் தாண்டிப் போனதும் எழுந்து, இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் சமையல்கட்டுக்கு நடந்து வர வேண்டும். ஒரு காபி குடித்தால் உயிர் வந்துவிடும். திரும்பப் போய்ச் சண்டை போடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மணி நேரம் கார் ஓட்டி, கம்பளிக் கோட்டு அரிக்க அரிக்கப் போட்டுக்கொண்டு வந்தவன், முதல் குண்டிலேயே சேற்றில் விழுவானா? எல்லோரும் கொஞ்சம் தாமதிப்பார்கள். கையில்தான் பட்டது என்பார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் மாதிரி யாரும் இல்லை. சங்கம் ஆரம்பித்து இத்தனை வருடத்தில் மெர்ல் ஒரு தடவைகூடச் செத்தது கிடையாது.

"போன வருஷம் என்ன பண்ணான் தெரியுமா?" ராட்னி என் கரண்டியைப் பிடுங்கிக் காட்டினார். "இங்கேருந்து அந்த அடுப்பு வரைக்கும்தான் தூரம். மெஷின் கன். நேரா வயித்துல. தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு நடந்து வர்றான்! என் பசங்க அழாத குறை. அவங்க எதுக்கு வரணும்? ஓஹியோவுல இதே வார இறுதியில ஒரு போர் நடக்குது. வா வான்னு கூப்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள மெர்ல் ஒரே ஒரு தடவை விழுந்து சாகட்டும். இல்லேன்னா அடுத்த வருஷம் நாங்க முப்பது பேரும் ஓஹியோ."

கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் இருந்த வேகவைத்த முட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிரிதான், ஆனாலும் முட்டை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நல்ல போர் வார இறுதி என்றால் என்ன என்று இந்த ஆண்களைக் கேளுங்கள். கோட்டுப் பொத்தான், பூட்ஸ் ஆணி, கம்பளியின் நிறம் என்று விடிய விடியப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் காய்ந்த விறகு, சூடான காபி, அதற்கப்புறம் நல்ல எதிரி. எதிரி இல்லாவிட்டால் நாற்பது அமெரிக்கர்கள் ஒரு மேய்ச்சல் நிலத்தில் நின்று மரத்தைச் சுட வேண்டியதுதான். ஜெர்மன் உடுப்பும் துப்பாக்கியும் சேர்த்து வைத்திருக்கும் ஆட்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ராட்னியின் கும்பலை விட்டால் வேறு யாரும் இல்லை.

இனி மெர்லின் ரகசியம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கு முட்டி போய்விட்டது.

வலது முட்டி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கீழே படுத்தால் சுத்தம், தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் சமையலறைக் குழாயடியில் எதையாவது பார்க்கக் குனிந்தார் என்றால் நான் நாற்காலியோடு தயாராக நிற்பேன். நிற்பார், நடப்பார், படி இருந்தால் ஏறுவார். விழுவது மட்டும் ஆகாது. ஆரம்பத்தில் வீம்புக்காகச் சாகாமல் இருந்தார், நான் மறுக்கவில்லை. கடைசி நாலைந்து வருடமாகச் சாக முடியாமல் இருக்கிறார்.

"ராட்னிகிட்ட சொல்லித் தொலையேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"சொன்னா என்ன ஆகும்? கேலனுக்கு ஆனதுதான் எனக்கும் ஆகும்."

கேலன் எங்கள் சங்கத்து ஆள். குழியிலிருந்து ஏறி வர முடியவில்லை என்று ஒரு வருடம் வாய்விட்டுச் சொன்னார். எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்து, மிகுந்த மரியாதையோடு அவரைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் நின்றார். அடுத்த வருடம் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. கிழவன் என்று பேர் வாங்குவதைவிட ஏமாற்றுக்காரன் என்று பேர் வாங்குவது மேல் என்று மெர்ல் முடிவு செய்துவிட்டார்.

என் மனதில் இருந்ததையும் சொல்கிறேன். ஓஹியோ என்று கேட்டதும் எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. ஃப்ளோரிடாவில் இருக்கும் என் தங்கை நவம்பர் ஆனால் கூப்பிடுகிறாள். நான் இங்கே ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வருடம் பூராவும் டிவியோடு பேசிக்கொண்டு கிடக்கும் மனிதர் அக்டோபர் பிறந்ததும் விசிலடித்துக்கொண்டு பூட்ஸுக்குக் கொழுப்பு தடவுவதைப் பார்த்தால் எனக்குத் தங்கையும் மறந்துவிடும். அது என் பலவீனம்.

சனிக்கிழமை விடிந்ததும் போர் தொடங்கியது. எங்கள் ஆட்களில் ஸ்கிப் டப்ஸ் என்று ஒருவன். கார்லைலில் குளியலறை ஓடு விற்கிறான். மெர்லுக்கு நேர் எதிர். எங்கே சத்தம் கேட்டாலும் செத்துவிடுவான். சும்மா சாக மாட்டான். இரண்டு கையையும் விரித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அம்மா என்று கூப்பிட்டு, பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்து முத்தம் கொடுத்து, யாராவது சிகரெட் கொடுத்தால் அதையும் பாதி குடித்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பான். ஒரு தடவை எங்கள் பக்கத்துத் துப்பாக்கிச் சத்தத்துக்கே செத்துப் போனான். காலை பத்து மணிக்குள் மூன்று முறை காபிக்கு வந்துவிட்டான்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா செத்தேன் டார்லா. பார்த்தீங்களா?"

"அடுப்பைப் பார்ப்பேனா உன்னைப் பார்ப்பேனா? கப்பைக் கழுவி வெச்சிட்டுப் போ."

மெர்லுக்கும் ராட்னிக்கும் நேருக்கு நேர் வந்தது உச்சிவேளையில். நான் குழியின் விளிம்பில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள்கம்பியில் இருந்த இடைவெளி வழியாக மெர்ல் நடந்து வந்தார், ஓடவில்லை, ஓட முடியாது. ராட்னி மெஷின் கன்னை அவர் பக்கம் திருப்பினார். காது கிழிந்தது. புகை விலகியதும் பார்த்தால் மெர்ல் அதே வேகத்தில் நடந்து வந்துகொண்டிருக்கிறார்.

"யோவ்! செத்துத் தொலைடா!" என்று கத்தினார் ராட்னி.

"குறி தப்பிடுச்சுடா!"

"மெஷின் கன்னுடா இது! நிமிஷத்துக்கு நானூறு குண்டு. நானூறுமாடா தப்பும்?"

"காத்து அடிக்குதுல்ல!"

ஜெர்மன் பையன்கள் சிலர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் தன் இரும்புத் தொப்பியைக் கழற்றி அதன் மேல் உட்கார்ந்தான். சண்டை அப்படியே பிசுபிசுத்துப் போனது. ஜெர்மானியர்களின் குழியை மெர்ல் பிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அங்கே அவரை எதிர்க்க யாருக்கும் மனமில்லை. ராட்னி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெர்ல் சமையல்கட்டுக்கு வந்து அடுப்பில் கை காய்ந்தார். "நிஜமாவே போயிடுவான் போலிருக்கு" என்றார்.

"போனா போகட்டும். நிம்மதியா ஃப்ளோரிடா போகலாம்."

"ராட்னி இல்லேன்னா நான் யாரைடி சுடறது?"

சிரிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, சமையல்கட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் மெர்ல் சாவதற்குப் பயிற்சி எடுத்தோம். முதலில் நான் ஒரு யோசனை சொன்னேன். வெடிமருந்துப் பெட்டி ஒன்றைப் பார்த்துவைத்து, சுட்டதும் அதன் மேல் உட்கார்ந்து செத்துவிடலாம்.

"கேப்டன்டி நான். முடி வெட்டிக்கப் போன இடத்துல காத்துக்கிட்டிருக்கிறவன் மாதிரி உட்கார்ந்துக்கிட்டா சாகறது?"

"சரி, மணல் மூட்டை மேல சாய்ஞ்சு நின்னுக்கிட்டே சாவு."

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கும்."

கடைசியில் விழுந்தே பார்ப்பது என்று ஆயிற்று. கீழே கோணிச் சாக்குகளைப் போட்டேன். மெர்ல் என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து இறங்கினார். இறங்கினது அழகாகவே இருந்தது. எழுப்புவதுதான் பாடு. நான் அவர் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். பாதி வரை வந்தார். அப்போது என் செருப்புச் சேற்றில் வழுக்கியது. அவர் மேலேயே விழுந்தேன். வலிக்கிறது என்று அவர் கத்த, உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இது வேறு என்று நான் கத்த, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்கிப் காபிக்கு வந்தான். சாக்கு மேல் கேப்டனும் கேப்டன் பெண்டாட்டியும் கிடப்பதைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. நான் அப்புறம் வரேன்."

"ஸ்கிப், நில்லுடா!" என்றேன். நிற்கவில்லை. ராத்திரி உணவுக்கு வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். சாக்கிலிருந்து எப்படி எழுந்தோம் என்று கேட்காதீர்கள், கூடாரக் கம்பத்தைப் பிடித்து ஒருவழியாக எழுந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடைசிப் பெரிய தாக்குதல். குழியிலிருந்து ஏறுவதற்கு முன் மெர்ல் என்னிடம் வந்து தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"இதை வெச்சுக்க. விழறப்ப உடைஞ்சிரும்."

"எழுந்திருக்கிறது?"

"விழுந்தப்புறம் அதைப் பார்த்துக்கலாம்."

விசில் ஊதினார். நாற்பது பேரும் கத்திக்கொண்டு மேலே ஏறினார்கள். ஸ்கிப் நாலு அடி போனதும் கையை விரித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். மெர்ல் நடந்தார். ராட்னியின் மெஷின் கன் அவர் பக்கம் திரும்பியது. அதிலும் ஒரு சலிப்புத் தெரிந்தது, கடமைக்குச் சுடுகிற மாதிரி.

மெர்ல் நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் விழுந்தார்.

மெஷின் கன் நின்றது. பிறகு ஒவ்வொரு துப்பாக்கியாக நின்றது. ஜெர்மானியர்கள் குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்கிப், செத்துக்கொண்டிருப்பதை மறந்து எழுந்து உட்கார்ந்தான்.

"கேப்டனுக்கு அடிபட்டிருச்சு!" என்று யாரோ கூவினார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் சண்டை. எங்கள் ஆட்கள் நிஜமான கோபத்தோடு ஓடினார்கள், ஜெர்மானியர்கள் நிஜமான சந்தோஷத்தோடு சுட்டார்கள், இரண்டு பக்கமும் ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். கேப்டனே செத்தாயிற்று, இனி யாருக்கு வெட்கம்? அப்படி ஒரு சண்டையை நான் அந்த நிலத்தில் பார்த்ததில்லை.

சண்டை ஓய்ந்தது. செத்தவர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். மெர்ல் மட்டும் எழவில்லை. நான் கண்ணாடியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எனக்கு முன்னால் ராட்னி அங்கே போய்விட்டார்.

"பிரமாதம்டா மெர்ல். பிரமாதம். போதும், எழுந்திரு."

"நான் செத்துட்டேன்."

"தெரியும்டா. நான்தானே சுட்டேன். எழுந்திரு, கைகொடுக்கிறேன்."

"செத்தவன் எப்படிடா எழுந்திருப்பான்?"

"இத்தனை வருஷம் சாக மாட்டேன்னான். இப்ப எழ மாட்டேங்கறான்!" என்று ராட்னி என்னைப் பார்த்தார். நான் மெர்லைப் பார்த்தேன். மெர்ல் வானத்தைப் பார்த்தார்.

"முட்டிடா" என்றார் மெர்ல், உதடு அசையாமல். "சத்தம் போடாதே. முட்டி போச்சு. எழ முடியாது."

"இதுக்காகவாடா?" என்று கேட்டுக்கொண்டே ராட்னி மெர்லைத் தூக்கக் குனிந்தார். பாதி குனிந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். முகம் கோணியது. மெல்ல மெல்ல, மிகுந்த கவனத்தோடு, மெர்லுக்குப் பக்கத்தில் சேற்றில் படுத்தார்.

"என்னடா ஆச்சு?"

"இடுப்பு. முப்பது வருஷம் அடுத்தவன் வாய்க்குள்ள குனிஞ்சு பார்த்தா இடுப்பு என்ன ஆகும்? பிடிச்சுக்கிட்டா ஒரு மணி நேரம் அசைய முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஓஹியோவுல தரை சமமா இருக்காம். குழி இடுப்பளவுதானாம். இங்கே என் குழியிலேருந்து மேல ஏறி வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போகுதுடா. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் நீ சாகலேன்னு சொன்னேன்."

"அடப்பாவி. என்னை அநியாயமா சாகடிச்சிட்டியே!"

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் கரண்டியால் சாத்தியிருப்பேன், கரண்டி கையில் இல்லை. அதற்குள் இரண்டு படையும் சுற்றி வந்து நின்றுவிட்டது. இரண்டு கேப்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடப்பதைப் பார்த்து அவர்களுக்குப் புல்லரித்துவிட்டது. வேண்டுமென்றே செய்கிறார்கள், கடைசிக் காட்சிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். வேறு வழி?

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக முன்னால் வந்து பேச ஆரம்பித்தார்கள். சாவு வீட்டில் பேசுகிற மாதிரி.

எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் முதலில் வந்தான். "முதல் வருஷம் வந்தப்ப என் கோட்டுல ஒரு பிளாஸ்டிக் பொத்தான் இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. கேப்டன் தன் கோட்டுப் பொத்தானை வெட்டி எனக்குத் தெச்சுக் கொடுத்தார்." அந்த வருடம் பொத்தானைத் தொலைத்துவிட்டார் என்று நான் மெர்லைத் திட்டிய திட்டு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு ஜெர்மன் பையன் ராட்னியின் காலடியில் வந்து நின்றான். "எங்கப்பா செத்தப்ப கேப்டன் ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வந்தார். கடைசி வரைக்கும் கூட நின்னார்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

கடைசியாக ஸ்கிப் வந்தான். இன்றைக்கு அவன் கையை விரிக்கவில்லை, கடிதம் எடுக்கவில்லை.

"எங்க கேப்டனுக்கு முட்டி சரியில்ல" என்றான். "நாலு வருஷமா எங்களுக்குத் தெரியும். எங்க குழியில அவர் ஏறுற இடத்துல மணல் மூட்டையைப் படி மாதிரி அடுக்கினது நாங்கதான். வியாழக்கிழமையே வந்து அடுக்கிடுவோம். மழையில தானா சரிஞ்சு கிடக்குன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார். நாங்களும் அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டோம். அவர் முன்னால நடந்தா போதும். சாகலேன்னா என்ன? நாங்க நிறையப் பேர் இருக்கோமே சாகறதுக்கு."

மெர்ல் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போவதை நான் பார்த்தேன். எனக்கும் தாங்கவில்லை. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

"எங்க பக்கம் ஏன்டா படி இல்ல?" என்று பிணமாகக் கிடந்த ராட்னி உறுமினார்.

ஜெர்மன் படை திடுக்கிட்டது. "நீங்க சொல்லவே இல்லையே கேப்டன்" என்றான் அப்பா செத்த பையன்.

அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. சமையல்கட்டுக் கதவு, கூடாரத் துணி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து இரண்டு பேரையும் அள்ளிப் போட்டுத் தூக்கினார்கள். மெர்லை ஜெர்மானியர்கள் தூக்கினார்கள், ராட்னியை எங்கள் ஆட்கள் தூக்கினார்கள், யாரும் அப்படித் திட்டம் போடவில்லை. மெர்ல் கனமாக இருக்கிறார் என்று கதவைத் தூக்கியவர்கள் மெதுவாக முனகினார்கள்.

மெர்ல் கையை நீட்டி, ராட்னியைச் சுமந்து பக்கத்தில் போகும் கூடாரத் துணியைத் தட்டினார். "ஓஹியோ போறியாடா?"

துணி ஆடியது, இடுப்பு வலித்தது, ராட்னி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஓஹியோவுல என்னை யார்டா தூக்குவா?"

"அப்ப அடுத்த வருஷம் நீ முதல்ல சாகணும்."

"சாகறேன். ஆனா சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்."

"சரி" என்றார் மெர்ல்.

ஸ்கிப் முன்னால் நடந்து பள்ளம் எங்கே, கல் எங்கே என்று சொல்லிக்கொண்டே போனான். நான் சேற்றில் கிடந்த இரண்டு கேப்டன்களின் தொப்பிகளையும் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனேன்.